டாக்டர் கேட்ட சலமும் வீரமுத்து சொன்ன சலமும்

போன மாதம் என் அண்ணன் மகள் என்னைக் கூலிம் பட்டணத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கிளினிக்கில் அவள் சிஸ்டர். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நடுக்குவாதத்தைப் பற்றி அன்று வகுப்பு. "சும்மா வந்து உக்காருங்க சித்தப்பா, பழைய டிரசர்னு சொன்னா பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்க" என்றாள். டிரசர் என்றால் டாக்டர் இல்லாத நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவ உதவியாளர். எண்பத்தைந்து வயதில் யாரையும் சந்தோஷப்படுத்தும் தெம்பு எனக்கு இல்லை. ஆனாலும் போனேன். வீட்டில் உட்கார்ந்தாலும் அதே முழங்கால் வலிதான்.

கைக்குள் அடங்கும் ஒரு கருவியைக் காட்டினார்கள். தொப்புளுக்குக் கீழே பசை தடவி அதை வைத்தால், உள்ளே எவ்வளவு சிறுநீர் தேங்கி நிற்கிறது என்று எண் காட்டுகிறது. நடுக்குவாதம் வந்தவர்களுக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். அந்த நோயில் கை மட்டும் நடுங்குவதில்லை. மூத்திரப்பையும் சொன்ன பேச்சைக் கேட்காது. சிலருக்கு எழுந்து நிற்பதற்குள் போய்விடும், சிலருக்கு நின்றுகொண்டே இருந்தாலும் வராது. இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு.

ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், ஒங்க காலத்துல இந்த மெஷின்லாம் இல்லையேலா, எப்படிப் பாத்தீங்க?"

"கைய வெச்சுப் பாத்தோம்" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். கையை வைத்துப் பார்த்தது உண்மைதான். எப்போது வைத்தேன், ஏன் அவ்வளவு தாமதமாக வைத்தேன் என்பதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். எப்படியோ இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்து, மூன்று வருடம் டிரசர் பயிற்சி எடுத்தேன். அந்த மூன்று வருடத்தில் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டிரசர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் பேசும் தமிழும் அப்போதே காதில் ஏறிவிட்டது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போட்டார்கள். பன்னிரண்டு கட்டில், ஒரு ஆயா, ஒரு மருந்து அலமாரி. மற்ற நாளெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்கு ராஜா நான்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் சுங்கைப்பட்டாணியிலிருந்து டாக்டர் வருவார்.

டாக்டர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். வெள்ளைக் கால்சட்டை, கறுப்பு டை. காரை விட்டு இறங்கியதும் முதலில் கை கழுவுவார். கழுவிய கையை விரல் விரலாகத் துடைப்பார். பிறகு ஜன்னலைத் தானே திறந்துவிட்டு, நோயாளிக்கு ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துப் போடுவார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆளை உட்காரச் சொல்லும் டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துரை நிற்க வைத்துப் பேசுவார், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தின்னும் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் பேசுவார். இவர் பால்வெட்டும் கிழவியிடமும் "இருங்கோ அம்மா" என்பார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு நாள் சுமந்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு வீம்பு அவருக்கு. தன் தமிழ்மேல். "வெள்ளைக்காரனுக்குத்தான் துபாசி வேணும் ஐசே, எனக்கெதுக்கு?" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அதில் மாட்டிக்கொண்டேன். ஒரு அம்மாவிடம், "வயித்தாலை போகுதோ?" என்று கேட்டார். அந்த அம்மா பேந்தப் பேந்த முழித்தது. நான் சும்மா இருக்காமல், "பேதியாப் போகுதான்னு கேக்குறாரும்மா" என்றேன். டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நான் என்ன சீன மொழியிலையோ கேட்டனான்? தமிழிலைதானே கேட்டனான்? எனக்கு மொழிபெயர்ப்பு தேவையெண்டால் நானே உம்மைக் கேப்பன்."

பன்னிரண்டு கட்டிலும் கேட்டது. ஆயா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு இருபத்து நான்கு வயது, மானம் பெரிதாகத் தெரிந்த வயது. அன்றிலிருந்து டாக்டர் பேசும்போது வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் பதில், இல்லையென்றால் மருந்துப் புத்தகம். வருகிற செவ்வாய்க்கிழமை எல்லாம் அப்படியே ஓடியது.

இனி வீரமுத்து. அறுபதை நெருங்கிய ஆள். தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் நம்பர் லயத்தில், மனைவி பொன்னம்மாவோடும் மகள் சரசுவோடும் இருந்தார். ஒரு காலத்தில் அவர் வெட்டிய பட்டையில் கத்தி ஆழமாகப் போன காயம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது என்பார்கள். அப்புறம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகியது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது அவர் ஆடுவதைப் பார்த்து, காலையிலேயே கள்ளா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர்.

காலில் அட்டை கடித்த இடம் சீழ் வைத்துவிட்டது என்று என்னிடம் வந்தார். தினமும் கழுவிக் கட்டினேன். அப்படி வந்துபோன நாட்களில் ஒருநாள், ஆயா வெளியே போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இன்னொரு சங்கதி. ஒண்ணுக்கு வருதுன்னு தெரிஞ்சா ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள போயிடுதுங்க. கால் எந்திரிக்க மாட்டேங்குது, அது நிக்க மாட்டேங்குது. மர நெறையில அஞ்சாறு தடவ அரைக்கால் சட்டையோட நனைஞ்சு நின்னிருக்கேன்."

"எப்பவும் அப்படித்தானாண்ணே?"

"அதாங்க கூத்து. சில நேரம் மரத்தப் புடிச்சுக்கிட்டு அரமணி நேரம் நின்னாலும் வராது. முக்கி முக்கிப் பாத்தா நாலு சொட்டு."

இரண்டையும் என்னிடம் சொன்னார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பயம் வேறு. இரண்டு மாதத்தில் சரசுவுக்குக் கல்யாணம், தோட்டத்துக் கோயிலில். அப்பனும் ஆத்தாளும் மணையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

"சம்பந்தி வீட்டாளுங்க பண்டார் பாருவுலேர்ந்து லோரி கட்டிக்கிட்டு வராங்க. அவங்க முன்னாடி பட்டு வேட்டியோட நனைச்சிட்டேன்னா, அப்புறம் உசுரோட இருந்து என்னா? எம்மவ அந்த வீட்டுல எப்படித் தலைநிமிந்து இருப்பா? ஒரே ஒரு மணி நேரம், ஐயா. அதுக்கப்புறம் எப்படிப் போனாலும் போவட்டும்."

"டாக்டர் வரட்டும்ண்ணே, பாத்துக்கலாம்" என்றேன்.

டாக்டர் வந்தார். வீரமுத்துவை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கிப் பார்த்தார். பல்சக்கரம் போல விட்டுவிட்டு மடங்கியது. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். ஆயா பக்கத்தில் நின்றதால், என்னிடம் சொன்ன சங்கதியை வீரமுத்து தானாக அவரிடம் எடுக்கவில்லை. நடுக்குவாதம் என்று எனக்கு இங்கிலீஷில் சொன்னார். அதற்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது, சின்ன வெள்ளை மாத்திரை. கைநடுக்கத்தைக் குறைக்கும், ஓடிவரும் சிறுநீரையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். ஆனால் ஏற்கெனவே சிறுநீர் அடைக்கிற ஆளுக்குக் கொடுத்தால், மொத்தமாகக் கட்டிவிடும். டாக்டருக்கு அது தெரியும். அதனால்தான் எழுதுவதற்கு முன்னால் கேட்டார்.

"சலம் கட்டுறதோ?"

யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் சிறுநீர். எங்கள் லயத்தில் சலம் என்றால் புண்ணில் வைக்கும் சீழ். வீரமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார். அட்டைக்கடி ஆறி, தோல் காய்ந்திருந்தது.

"முன்ன கட்டிச்சுங்க. இப்ப சுத்தமா இல்லீங்க."

டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நோயாளியின் கண் எங்கே போனது என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"இப்ப இல்லை. நல்லது" என்று சொல்லி, மாத்திரையை எழுதினார். நாளுக்கு ஒன்றில் ஆரம்பித்து, நடுக்கம் அடங்காவிட்டால் மூன்றுவரை ஏற்றலாம் என்று எனக்குக் குறிப்பும் போட்டார்.

ஒரு வாய் வார்த்தை. "ஐயா, அவர் காலைச் சொல்றாரு" என்றால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. பேனாவை மூடி மேஜையில் வைக்கும் அந்தச் சத்தமும் கூடவே ஞாபகம் வந்தது. பேசாமல் புத்தகத்தில் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டேன். டாக்டருக்குத் தெரியாததா, எதற்கு வம்பு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

முதல் பத்து நாள் தீபாவளிதான் வீரமுத்துவுக்கு. கை அடங்கியது. "ஐயா, கோயில்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன், ஒரு சொட்டு இல்ல!" என்று ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார். அந்த மரத்துப்போன முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. குணமாக்கியதே நான்தான் என்பதுபோல நடந்துகொண்டேன்.

ஐந்தாறு வாரத்தில் திரும்ப வந்தார். நடை இன்னும் குறுகியிருந்தது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. இடுப்பில் பழைய சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், வாடை அடித்தது.

"ஓயாம சொட்டுதுங்க. தெரியவே மாட்டேங்குது. மங்கு நெறஞ்சு வழியிற மாதிரி வழியுது."

மங்கு என்பது மரத்தில் கட்டும் பால் கிண்ணம். மழை நாளில் மங்கு நிரம்பி, மேலே விழும் ஒவ்வொரு சொட்டும் வெளியே வழியும். பால்வெட்டிய அப்பனுக்குப் பிறந்தவன் நான். அந்த வார்த்தை எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உள்ளே நிரம்பிவிட்டது, அதனால்தான் வழிகிறது என்று அந்த மனிதர் எனக்குப் பாடமே எடுத்தார். நான் சொட்டுவதை மட்டும் கேட்டேன். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. நோய் கூடிவிட்டது என்று நினைத்து, மாத்திரையை மூன்றாக்கி அனுப்பினேன். டாக்டரின் குறிப்பில் மூன்றுவரை என்றுதானே இருந்தது!

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, எட்டரை மணி இருக்கும். பொன்னம்மா ஓடிவந்தார். மாவு அரைத்த கையைக்கூடக் கழுவவில்லை.

"ஐயா, வந்து பாருங்க. வயிறு கல்லு மாதிரி இருக்கு. உக்கார முடியல, படுக்க முடியல, துடிக்கிறாரு. வீடு பூரா கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரைங்க, வெளியில சொல்லவும் முடியல."

லயத்தின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. உள்ளே வீரமுத்து சுவரைப் பிடித்து நின்றிருந்தார். காலடியில் சொட்டுச் சொட்டாக ஈரம். படுக்க வைத்து, அப்போதுதான் கையை வைத்தேன். தொப்புளுக்கு மேலே வரை, பூசணிக்காய் கவிழ்த்து வைத்ததுபோல. விரலால் தட்டினால் மொத்தென்று சத்தம். அழுத்தினால் அலறினார், கீழே கொஞ்சம் வழிந்தது.

நான்கு பேரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தோம். சிவப்பு ரப்பர் குழாயைக் கொதிக்கும் நீரில் போட்டு, கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் வைத்தேன். முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். ஆயா எனாமல் பேசினைப் பிடித்தாள். குழாயின் முனையில் பாரபின் எண்ணெய் தடவி, அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன். பாதியில் தடை. அங்கே முரட்டுத்தனமாகத் தள்ளினால் கிழிந்துவிடும். தள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"மூச்ச இழுத்து மெதுவா விடுங்கண்ணே. இன்னொரு தடவ. இருமுங்க."

இருமினார். தடை விட்டது. பேசினில் விழுந்த சத்தத்தைக் கேட்டு அவர் அழுதுவிட்டார். எடுத்த எடுப்பில் முழுவதும் இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் ஆள் மயங்கிவிடுவார், இரத்தமும் வரும். ஒரு பேசின் நிரம்பியதும் குழாயைக் கவ்வியால் பிடித்து நிறுத்தினேன். கால்மணி நேரம் கழித்துத் திறந்தேன். மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது பேசினில்தான் வயிறு இறங்கியது.

வியர்த்துக் கிடந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சொன்னேனுங்களே ஐயா, மங்கு நெறஞ்சிருச்சுன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆபீஸிலிருந்து டாக்டருக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் வந்துவிட்டார். அன்று கை கழுவும் முன்பே கட்டிலுக்குப் போனார். வயிற்றைப் பார்த்தார், பேசினின் கணக்கைக் கேட்டார், மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டனான் எல்லோ? சலம் கட்டுறதோ எண்டு கேட்டனான். இல்லையெண்டு சொன்னவர்."

"ஐயா, எங்காளுங்களுக்குச் சலம்னா சீழுங்க. அவரு கால் புண்ணச் சொன்னாரு."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளிக்குப் போடும் ஸ்டூல் அது.

"சீழோ... அப்ப மற்றதுக்கு என்னெண்டு சொல்லுறவை?"

"ஒண்ணுக்குங்க."

"ஒண்ணுக்கு" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நோயாளிப் புத்தகத்தை வாங்கி, பேனாவைத் திறந்து எழுதினார். என் கேள்வி நோயாளிக்கு விளங்கவில்லை, பிழை என்னுடையது என்று இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே கையெழுத்து.

அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். உமக்கு அப்பவே விளங்கினதோ? அதுதான் நியாயமான கேள்வி. 'கவனிக்கலீங்க ஐயா' என்ற பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. மாத்திரையை மூன்றாக்கியதையும் கேட்கவில்லை. தன் குறிப்புப்படிதானே செய்தான் என்று நினைத்திருப்பார்.

பெரியாஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். வீரமுத்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க சாமி, அப்புறம் எங்க வேணும்னாலும் வரேன்" என்றார். டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, குழாயை எடுக்க வேண்டாம், அடைப்பான் போட்டுத் தொடையோடு சேர்த்துக் கட்டும், மணையில் இருத்துறதுக்கு முன்னம் ஒருக்கா திறந்து விடும், நீரும் அவருக்குப் பக்கத்திலையே நில்லும் என்று என்னிடம் சொன்னார். கட்டும் விதத்தைத் தானே செய்து காட்டினார்.

மறுநாள் காலை பட்டு வேட்டிக்குள் அப்படித்தான் கட்டினேன். மாத்திரை நின்றதால் கைநடுக்கம் பழையபடி வந்துவிட்டது. தாரை வார்க்கும்போது செம்பு ஆடி, தண்ணீர் பாதி மணைக்கு வெளியே சிந்தியது. பொன்னம்மா தன் இரண்டு கையாலும் அவர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் கைநடுக்கத்தைப் பார்த்தார்கள், வேறெதையும் பார்க்கவில்லை. முகூர்த்தம் முடிந்து அவர் எழுந்தபோது, நான் முதலில் வேட்டியைத்தான் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டாக்டரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வீரமுத்துவைத் தன் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான். காரில் ஏறுவதற்கு முன், வீரமுத்து தாம்பூலத் தட்டை எடுத்துவரச் சொன்னார். நடுங்கும் கையால் அதை என்னிடம் நீட்டி, அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னார்.

"பெரிய டாக்டரு மாத்தர குடுத்து அடைச்சாரு, நம்ம டிரசருதான்யா தொறந்து விட்டாரு! நம்ம தோட்டத்துப் புள்ள. இவரு இல்லேன்னா இன்னிக்கு எம்மானம் போயிருக்கும்!"

பந்தலே சிரித்தது. டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீரமுத்து அதன்பின் ஏழு மாதம் இருந்தார். குழாயை எடுக்க முடியவில்லை, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, ஒரு காய்ச்சலில் போய்விட்டார். பாடை தூக்கும் முன் பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் தயவால் அவர் மகள் கல்யாணத்தைப் பார்த்தார் என்று சொல்லி அழுதார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

டாக்டர் அருளம்பலம் இன்னும் ஆறு வருடம் அந்தத் தோட்டத்துக்கு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போடுவார். வயதான ஆள் யார் வந்து உட்கார்ந்தாலும், "ஒண்ணுக்குச் சரியாப் போகுதோ?" என்று தன் யாழ்ப்பாணத்து ராகத்தில் கேட்பார். கேட்டுவிட்டு, நோயாளியைப் பார்க்க மாட்டார். சொன்ன வார்த்தை சரிதானா என்று என் முகத்தைப் பார்ப்பார்.

சரிதான் என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.